மலைமழையின் பழைய பதிவுகள்: தேக்கும் சதுப்பும்

[காட்சி: டாப்சிலிப் தாண்டிய காட்டுச் சாலை]

பறம்பிக்குளம் இருப்பது கேரளத்தில். ஆனால் அங்கே போக நாம் பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகத்தான் ஏற வேண்டும். உள்ளே கன்னிமாரா தேக்கு நிற்கிறது. அதைக் கட்டிப்பிடிக்க நாலைந்து பேர் கைகோக்க வேண்டும்.

இந்த மலைகளில் மழைமானி வைத்து அளந்தது ஆங்கிலேயர் காலத்தில்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய மழையைத் தேக்கிடம் கேட்கலாம்.

[காட்சி: தேக்கின் குறுக்குவெட்டு, மிக அருகில்]

கோடையில் இலை உதிர்க்கும் தேக்கு, மழை விழுந்ததும் மறுபடி வளரத் தொடங்கும். அப்போது உண்டாகும் நீர்க்குழாய்கள் பெரியவை. ஊசியால் குத்திய துளைகள்போல வரிசையாக, வெறும் கண்ணுக்கே தெரியும். ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓர் ஆண்டு, அதுதான் ஒரு வளையம். மழை பொய்த்தால் அந்த இடைவெளி ஒடுங்கும். மரத்தை வெட்ட வேண்டாம், பென்சில் கனத்துக்கு ஒரு துண்டைத் துளைத்து எடுத்தால் போதும். நடுவில் காய்ந்து மறுபடி மழை பிடித்தால் பொய் வளையமும் விழும். அதனால் ஒரே மரத்தை நம்பாமல் பல மரங்களை ஒப்பிடுவார்கள். கேரளக் காடுகளின் தேக்குகளில் இப்படி 1481 முதல் 2003 வரை, 523 ஆண்டுகள் படிக்கப்பட்டிருக்கின்றன. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவால் மழை குறைந்த ஆண்டுகள் பலவற்றில் வளையம் மெலிந்திருக்கிறது.

சரி, அதற்கும் முன்னால்?

[காட்சி: சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே ஒரு சதுப்பு]

இன்னும் மேலே, நீலகிரிக்குப் போகலாம். சாண்டிநல்லா போன்ற இடங்களில் பள்ளத்தில் நீர் தேங்கி, காற்றுப் புகாமல், செத்த செடிகள் மட்காமலே அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. கருப்பாக, நசநசவென்று இருக்கும் அந்த மண்ணின் வயதை, காலப்போக்கில் சிதைந்து குறையும் கார்பன் வகையான கார்பன்-14 சொல்லும். மழையைப் பற்றிச் சொல்வது சிதையாத, சற்றே கனமான இன்னொரு வகையான கார்பன்-13. சோலை மரங்களில் அது குறைவு, வறட்சி தாங்கும் புற்கள் பலவற்றில் கூடுதல். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளில் புல்லின் கை ஓங்கியிருக்கிறது. பருவமழை மெலிந்திருந்த பனியுகக் காலம் அது. ஆனால் அப்போது காற்றில் கரியமில வாயுவும் குறைவு, அதுவும் இந்தப் புற்களுக்குச் சாதகம்தான். ஆகவே முழுப் பழியையும் மழைமேல் போட முடியாது. படிந்த மகரந்தத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். எனக்கு இந்த நிதானம் ரொம்பப் பிடிக்கும்.

தேக்கு ஆண்டுக்கணக்கில் பேசும், ஆனால் சில நூறு ஆண்டுகளோடு நின்றுவிடும். சதுப்பு பல்லாயிரம் ஆண்டு பின்னால் போகும், ஆனால் ஆண்டைப் பிரித்துச் சொல்லாது. நமக்கு இரண்டும் வேண்டும்.

[காட்சி: வாய்க்கால் வெட்டி வடித்த சதுப்பு]

காய்கறி போடச் சதுப்பை வடித்தால் காற்றுப் புகுந்து மண் மட்கத் தொடங்கும். முதலில் போவது மேலடுக்கு. தேக்கு வளையங்களோடு ஒத்துப் பார்க்க வேண்டிய நூற்றாண்டுகள் இருப்பதும் அங்கேதான்.