சிரிக்க வைத்த படத்தில் அந்தத் தாத்தா ஏன் சாக வேண்டும்?

வணக்கம். இன்றைக்கு முதல் கேள்வி திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. அவர்கள் ஊரில் சம்பா அறுவடை முடிந்ததும் எழுவர் கால்பந்துத் தொடர் போட்டி நடத்துகிறார்களாம். முதல் நாள் ராத்திரியே வெளியூர் அணிகள் வந்து தங்கிவிடும். அவர்களுக்காகத் திடலில் திரை கட்டி ஒரு படம் போடலாம் என்று பேசி, ஜெயில் கைதிகளும் காவலர்களும் கால்பந்து ஆடுகிற 'மீன் மெஷின்' படத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதை மன்றத்துப் பையன்கள் முதலில் போட்டுப் பார்த்ததில்தான் வாக்குவாதம் வந்திருக்கிறது.

அவர் எழுதியதை அப்படியே வாசிக்கிறேன். "அண்ணா, காமெடிப் படம் என்று சொன்னார்கள். நாங்களும் நன்றாகச் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். நடுவில் டாக் என்கிற கைதித் தாத்தாவை வெடி வைத்துக் கொன்றுவிட்டார்கள். அதற்கப்புறம் எங்களில் பாதிப் பேருக்குச் சிரிப்பே வரவில்லை. இதை எப்படிக் காமெடி என்கிறார்கள்? அந்தச் சாவு இல்லாமலே படம் நன்றாகத்தானே இருந்திருக்கும்? இன்னொன்று, கொலை செய்தவனும் கொள்ளையடித்தவனும் இருக்கிற அணிக்கு நாம் ஏன் கைதட்டுகிறோம்? எங்கள் ஊர்ப் பெரியவர் இதைக் கேட்டார், எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை."

நல்ல கேள்வி தம்பி. பதில் சொல்ல வேண்டுமென்றால் படத்தின் முடிவு வரைக்கும் பேச வேண்டியிருக்கும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். நீங்கள் பார்த்தது 2001-இல் வந்த இங்கிலாந்துப் படம். அதற்கு மூலம் 1974-இல் அமெரிக்காவில் வந்த 'தி லாங்கஸ்ட் யார்ட்'. ராபர்ட் ஆல்ட்ரிச் இயக்கியது, பர்ட் ரெனால்ட்ஸ் நடித்தது. ஜார்ஜியா மாநிலத்தில் நிஜமான ஜெயிலுக்குள்ளேயே எடுத்தார்கள். அதிலும் இதே மாதிரி நடுவில் ஒரு சாவு உண்டு. ஆள் உயிரோடு எரிந்து சாகிறான், பார்க்கவே முடியாது. ஆனால் அந்தப் படத்துக்குத்தான் சிறந்த நகைச்சுவைப் படம் என்ற பிரிவில் கோல்டன் குளோப் விருது கொடுத்தார்கள். உங்கள் மன்றத்தில் இப்போது நடக்கிற சண்டை அன்றைக்கு அங்கேயும் நடந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

என் பதிலை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாவை எடுத்துவிட்டால் படம் நிற்காது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று திருவாரூர் தேர் பார்த்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் கதைக்கு அச்சாணி அந்தச் சாவுதான்.

எப்படி என்று பாருங்கள். இரண்டு படத்திலும் நாயகன் ஒருமுறை ஆட்டத்தை விற்றவன். நீங்கள் பார்த்த படத்தின் நாயகன் டேனி மீஹன் இங்கிலாந்து அணியின் கேப்டனாக இருந்து, ஜெர்மனிக்கு எதிரான ஆட்டத்தைக் காசுக்காக விட்டுக்கொடுத்தவன். அப்புறம் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, இரண்டு போலீஸ்காரர்களை அடித்து ஜெயிலுக்கு வருகிறான். அங்கே அவன்மேல் காவலர்களைவிடக் கைதிகளுக்குத்தான் கோபம் அதிகம். திருடனைக்கூட மன்னிப்பார்கள், நாட்டின் ஆட்டத்தை விற்றவனை மன்னிக்க மாட்டார்கள். அப்படிப்பட்டவன் காவலர்களோடு ஆடக் கைதிகளை வைத்து அணி சேர்க்கிறான். ஒவ்வொருவராகப் பிடித்து, பழக்கி, திட்டு வாங்கி, அடி வாங்கி. நாம் அவ்வளவு சிரிப்பதெல்லாம் இந்தப் பகுதியில்தான்.

இங்கேயே படம் நேராக ஆட்டத்துக்குப் போயிருந்தால் என்ன இருந்திருக்கும்? ஜெயித்தால் சந்தோஷம், தோற்றால் வருத்தம், அவ்வளவுதான். ஊர்த் திடலில் நாம் வாராவாரம் பார்க்கிற ஆட்டம். டாக் செத்ததும் கணக்கு மாறிவிடுகிறது. அந்த வெடி டேனிக்கு வைத்தது. அவனுக்குப் பதில் அவனை நம்பிய வயசாளி போய்விட்டார். அப்புறம் இடைவேளையில் ஜெயில் தலைமை அதிகாரி வந்து மிரட்டுகிறார்: ஆட்டத்தை விட்டுக்கொடு, இல்லாவிட்டால் அந்தச் சாவில் உன்னையும் சேர்த்துவிடுவேன் என்று. எந்தத் தப்புக்காக ஊரெல்லாம் அவனைக் காறித் துப்பியதோ, அதே தப்பை மறுபடி செய்யச் சொல்கிறார்கள். முன்பு காசுக்குச் செய்தான், இப்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்ய வேண்டும். அந்தச் சாவு இல்லையென்றால் மிரட்டலும் இல்லை, இரண்டாம் பாதியில் அவனுக்குச் சோதனையும் இல்லை. உங்களில் பாதிப் பேருக்குச் சிரிப்பு நின்றுபோனது இயக்குநர் எதிர்பார்த்ததுதான்.

1974 படத்தில் இந்த இடத்தில் ஒரு காட்சி இருக்கிறது, எனக்கு மொத்தப் படத்திலும் அதுதான் உசத்தி. நாயகன் மிரட்டலுக்குப் பணிந்து, வேண்டுமென்றே ஆட்டத்தைக் கெடுத்துவிட்டு, அடிபட்டவன் மாதிரி வெளியே வந்து உட்கார்ந்துவிடுகிறான். பக்கத்தில் ஒரு வயசான கைதி. இளம் வயதில் அந்த ஜெயிலின் தலைமை அதிகாரியைக் கைநீட்டி அடித்ததற்காக முப்பது வருஷமாக உள்ளே இருப்பவர். நாயகன் அவரிடம், அந்த ஒரு அடிக்கு முப்பது வருஷம் தகுமா என்று கேட்கிறான். தனக்குத் தகும் என்கிறார் பெரியவர். பிரசங்கம் எதுவும் கிடையாது. நாயகன் ஷூவைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு இறங்குகிறான்.

அதற்கடுத்து நடப்பதையும் கவனிக்க வேண்டும். திரும்பி வந்தவனைச் சொந்த அணியே நம்ப மாட்டேன் என்கிறது. அந்தப் படத்தில் ஆடுவது பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால். அவனுக்கு முன்னால் நின்று எதிரணியைத் தடுக்க வேண்டிய ஆட்கள் ஒதுங்கி வழிவிடுகிறார்கள், எதிரணி வந்து அவனை மண்ணோடு மண்ணாக அடிக்கிறது. அந்த அடியை வாங்கித்தான் அவன் நம்பிக்கையைத் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது. கைதட்டல் வாங்குவது அதற்கு அப்புறம்தான்.

சரி, உங்கள் ஊர்ப் பெரியவர் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டது நியாயம். ஜெயிலில் இருப்பவர்களால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் வெளியே இருக்கின்றன, அதை மறக்கக் கூடாது. படமும் அவர்களை உத்தமர்கள் என்று எங்கேயும் சொல்லவில்லை. கோல் கீப்பராக ஜேசன் ஸ்டாதம் வருகிறாரே, அந்த மங்க் என்கிறவன் மற்ற கைதிகளே பக்கத்தில் போகப் பயப்படுகிற ஆள்.

அப்படியிருந்தும் ஏன் கைதட்டுகிறோம்? ஜெயிலுக்குள்ளே காவலர் அடித்தால் கைதி யாரிடம் போய்ச் சொல்வான்? சொன்னால் அதற்கும் சேர்த்து விழும். கோடு போட்ட திடலுக்குள் இறங்கிவிட்டால் இரண்டு பக்கமும் பதினோரு பேர், விசில் ஒருத்தர் கையில். ஃபவுல் என்றால் யார் செய்தாலும் ஃபவுல். அன்றைக்கு ஒருநாள் மட்டும் காவலரும் கைதியும் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்படுகிறார்கள். நமக்கு வருகிற குதூகலம் அந்தச் சமத்தைப் பார்த்து வருவது. கைதியின் குற்றத்துக்கு யாரும் அங்கே கைதட்டவில்லை.

நம் பக்கத்தில் போலீஸ், பொதுமக்கள் நல்லுறவு விளையாட்டுப் போட்டி என்று நடத்துவார்களே, கபடியோ வாலிபாலோ, அதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ரைடு வந்த ஏட்டையாவை நம் பையன்கள் நாலு பேர் சேர்ந்து மடக்கி உட்கார வைக்கும்போது கூட்டம் எழுப்புகிற சத்தம் வேறு எந்தப் பாயிண்டுக்கும் வராது. அதில் விரோதம் இல்லை, ஆட்டம் முடிந்ததும் அதே ஏட்டையாவோடு நின்று டீ குடிப்பார்கள். ஆனால் அந்தச் சத்தம் உண்மையானது.

ஜெயிலில் இருப்பவர்களுக்கு விதி என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நிஜத்திலேயே சாட்சி இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் ராபன் தீவுச் சிறையில் இருந்த அரசியல் கைதிகள் 1960-களில் விடாமல் கேட்டுக் கேட்டுக் கால்பந்து ஆடும் உரிமையை வாங்கினார்கள். மக்கானா கால்பந்துச் சங்கம் என்று வைத்து, ஃபிஃபா விதிகளின்படியே லீக் நடத்தினார்கள். நடுவர் தீர்ப்பை எதிர்த்து மனு, அதற்கு விசாரணை, எல்லாம் காகிதத்தில் எழுதி வைத்தார்கள். 2007-இல் ஃபிஃபா அந்தச் சங்கத்துக்குக் கௌரவ உறுப்பினர் தகுதி கொடுத்தது. அவர்கள் காவலர்களோடு மோதவில்லை, தங்களுக்குள்தான் ஆடினார்கள். ஆனாலும் மனுக் கொடுத்தால் விசாரிப்பார்கள் என்கிற ஒரு இடத்தை அந்தத் தீவில் அவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். உங்கள் பெரியவரிடம் இதையும் சொல்லுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம், கால்பந்து ஆடுகிறவர் என்பதால் உங்களுக்குப் பிடிக்கும். மூலப் படத்தில் ஆடுவது அமெரிக்க ஃபுட்பால் என்றேனே. அதில் நிமிஷத்துக்கு நிமிஷம் ஆட்டம் நிற்கும், நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு வசனம், ஒரு முறைப்பு, ஒரு நக்கல் வைக்கலாம். நம் கால்பந்து நிற்காமல் ஓடுகிறது. சிரிப்பை எங்கே வைப்பது? அதற்குத்தான் இரண்டு கைதிகளை மைக் முன்னால் உட்கார்த்தி வர்ணனை சொல்ல வைத்திருக்கிறார்கள். கூத்தாநல்லூரிலும் மன்னார்குடியிலும் தொடர் போட்டி நடக்கும்போது மைக் பிடிக்கிற அண்ணன்களைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த ரெண்டு பேரும் சொந்தக்காரர்கள் மாதிரி.

முடிவும் ஆட்டத்துக்குத் தகுந்தபடி மாறியிருக்கிறது. 1974-இல் கடைசி நொடியில் நாயகன் தானே பாய்ந்து புள்ளி எடுக்கிறான், 36-35. கால்பந்துப் படத்தில் டேனி கோல் அடிக்க வாய்ப்பிருந்தும் தன்னோடு ஆடுகிறவனுக்குப் பந்தைத் தள்ளிவிடுகிறான், அவன் அடிக்கிறான். அணியை விற்றவன் தன் கோலை அணிக்குக் கொடுக்கிறான். இந்த மாற்றம் மூலத்தைவிட நன்றாக இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். டேனியாக வரும் வின்னி ஜோன்ஸ் நிஜத்திலேயே முரட்டுத்தனத்துக்குப் பேர் போன ஆட்டக்காரர், ஆட்டம் தொடங்கிச் சில விநாடிகளில் மஞ்சள் அட்டை வாங்கியவர், 1988-இல் லிவர்பூலைத் தோற்கடித்து எஃப்ஏ கோப்பை வென்ற விம்பிள்டன் அணியில் இருந்தவர். அவர் பந்தை விட்டுக்கொடுக்கிறார் என்னும்போது அதற்குத் தனி எடை.

சாவே இல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாதா என்றால், கதையின் பக்கத்து வீட்டில் இருப்பதே சாவுதான். 1961-இல் ஹங்கேரியில் சோல்டான் ஃபாப்ரி எடுத்த படம் ஒன்று, 'நரகத்தில் இரண்டு பாதி' என்று தமிழில் சொல்லலாம். ஹிட்லர் பிறந்தநாளுக்காகக் கைதிகளை ஜெர்மன்காரர்களோடு ஆட வைக்கிறார்கள். கடைசியில் கைதிகளைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். அதிகாரம் உள்ளவனோடு பந்து ஆடினால் எதுவரைக்கும் போகும் என்பதை அது ஒளிக்காமல் காட்டியது. காமெடியாக எடுப்பவர்களும் அந்தப் பயத்தைக் கொஞ்சமாவது உள்ளே வைத்தால்தான் நேர்மை.

இனி உங்கள் திரையிடல். 'மீன் மெஷின்' இங்கிலாந்தில் 15 வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று சான்றிதழ் பெற்ற படம், கெட்ட வார்த்தை வாக்கியத்துக்கு வாக்கியம் வரும். திடலில் போட்டால் பெண்கள், பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். அதனால் பொதுத் திரைக்கு 1981-இல் வந்த 'எஸ்கேப் டு விக்டரி' போடுங்கள். போர்க் கைதிகள் ஜெர்மன் அணியோடு ஆடுகிற கதை, பெலே, பாபி மூர் எல்லாம் அதில் ஆடுகிறார்கள். பெலே ஆகாயத்தில் படுத்து உதைக்கிற உதைக்கு உங்கள் ஊர்ப் பொடியன்கள் கத்துகிற கத்தலை நினைத்துப் பார்க்கிறேன். எதைப் போட்டாலும் திரையிடும் உரிமையை முறையாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

'மீன் மெஷினை' வந்து தங்கியிருக்கிற ஆட்டக்காரர்களுக்கு மட்டும் மன்றத்துக்குள் போடுங்கள். டீக்கு இடைவேளை விட வேண்டுமென்றால் அணி சேர்க்கிற பகுதி முடிந்ததும் விடுங்கள். டாக் செத்ததும் விளக்கைப் போட்டு டம்ளரைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். அங்கிருந்து கடைசி விசில் வரைக்கும் ஒரே மூச்சில் ஓடட்டும்.