மலையில் உட்கார்ந்திருப்பது புத்தரா?

வணக்கம். இந்தச் சிற்பத்தைப் பாருங்கள். காலை மடித்து, மடியில் கைவைத்து ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வேலூர்ப் பக்கத்து மலைகளுக்கு வருகிறவர்கள் "புத்தர் குகை" என்று படம் எடுத்துக்கொண்டு போவது இவரைப் பார்த்துத்தான். ஆனால் இவர் சமணத் தீர்த்தங்கரர், அதாவது சமணர்கள் வணங்கும் ஞானி.

எப்படித் தெரியும்? தலைக்கு மேலே பாருங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று குடை. இதற்கு முக்குடை என்று பெயர். அப்புறம் தோளைப் பாருங்கள். புத்தர் என்றால் துவராடையின், அதாவது காவி உடையின், விளிம்பு மார்பிலோ கழுத்திலோ ஒரு கோடாகவாவது தெரியும். இங்கே ஆடையே இல்லை, வெறும் மேனி.

[காட்சி: வள்ளிமலை]

காட்பாடியைத் தாண்டி வள்ளிமலை. வள்ளி பிறந்த மலை என்று முருகனைக் கும்பிட ஏறுகிறவர்கள்தான் இங்கே அதிகம். அதே மலையில் சமணக் குகையும் இருக்கிறது, கன்னடக் கல்வெட்டும் இருக்கிறது! கங்க மன்னன் இராசமல்லன் இங்கே சமணப் பள்ளி, அதாவது சமணர் வழிபாட்டிடம், அமைத்ததை அது சொல்கிறது.

[காட்சி: பஞ்சபாண்டவர் மலை]

எனக்கு மிகவும் பிடித்தது, ஆற்காட்டுக்குப் பக்கத்தில், விளாப்பாக்கத்தை ஒட்டியிருக்கும் பஞ்சபாண்டவர் மலை. பெயரில்தான் பாண்டவர்கள். கீழே பாறையைக் குடைந்த மண்டபத்தில் இரண்டு வரிசைத் தூண்கள், பின்சுவரில் ஏழு அறைகள். ஏழும் காலி.

மேலே போனால் ஒரு பெண் உருவம், பொன்னியக்கியார் என்ற சமணப் பெண் தெய்வம். கூடவே கல்வெட்டு. நந்திவர்ம பல்லவனின் 50ஆம் ஆட்சியாண்டில், அதாவது 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நாரணன் என்பவர் இந்தப் 'படிமம் கொட்டுவித்தான்' என்கிறது. படிமம் என்றால் சிற்பம்; உளியால் கொத்திச் செய்வித்தார் என்று பொருள். அரசனும் இல்லை, தளபதியும் இல்லை. மருத்துவர் மகன் என்றுதான் இந்த நாரணனைக் கல்வெட்டு அறிமுகப்படுத்துகிறது. அந்த எழுத்துகளுக்கு முன்னால் நான் வெகுநேரம் நின்றேன். தயவுசெய்து தொட்டுத் தேய்க்காதீர்கள், சுண்ணாம்போ சாக்பீஸோ பூசிப் படிக்காதீர்கள். எழுத்து தெரிய வேண்டுமா? சாய்ந்த வெயிலில் பாருங்கள், தானாகத் துலங்கும். அதனால் காலையிலேயே ஏறிவிடுங்கள். பத்து மணிக்கு மேல் நம் ஊர்ப் பாறை சுடும்.

சரி, இறங்கினால் பசிக்கும். ஆம்பூர் பக்கம் போனால் சீரகச்சம்பா பிரியாணி, கூடவே கத்திரிக்காய்த் தொக்கு. அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பிலேயே முள் இருக்கும், பார்த்துப் பிடியுங்கள். காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி. அங்கே பளபளப்பு ஏற்றிய மண்ஜாடிகள் வாங்கலாம். செய்கிறவர் கையிலிருந்தே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.

ஆற்காட்டில் மக்கன் பேடாவை விடாதீர்கள். கோவாவைப் பிசைந்து, உள்ளே முந்திரி, பாதாம் வைத்து உருட்டி, பொரித்து, பாகில் ஊறவிடுவார்கள். விரலால் அழுத்தினால் போதும், பிளந்து பாகு வழியும். இரண்டுக்கு மேல் தின்ன முடியாது. வீட்டுக்கு ஒரு டப்பா கட்டிக்கொள்ளுங்கள்.