அடுப்பு மறுபடி எரிய ஆகும் மாதங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் ஹார்மோன் கோளாறுகளுக்கு மருத்துவம் பார்ப்பவன். ஆண்கள் கட்டிய மனைவியிடம்கூட வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் ஒன்றைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். டெஸ்டோஸ்டிரோன் ஊசியோ ஜெல்லோ எடுத்துக்கொண்டிருந்தவர் அதை நிறுத்தினால், உடம்பு தானாக அந்த ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குமா? பெரும்பாலானவர்களுக்குத் தொடங்கும். ஆனால் மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்களைத் தாக்குப்பிடிக்க முடியாமல்தான் பலர் மறுபடி ஊசிக்கே போய்விடுகிறார்கள்.

சென்ற ஆண்டு ஒரு தம்பதி வந்தார்கள். கணவருக்கு 36 வயது. பருத்த உடம்பு, இரவெல்லாம் குறட்டை. எந்நேரமும் அசதியாக இருக்கிறது என்று ஓரிடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்து, டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று ஊசியை ஆரம்பித்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. இந்த ஹார்மோன் காலையில் ஏறி இருக்கும், பொழுது சாய இறங்கும், சாப்பிட்டாலும் குறையும். வெறும் வயிற்றில், காலை வேளையில், இரண்டு வெவ்வேறு நாள்களில் பார்த்த பிறகே குறைவு என்று சொல்ல வேண்டும். பருமனும் குறட்டையுமே அதைக் குறைத்திருக்கலாம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. பிள்ளை பெற்றுக்கொள்ளும் எண்ணம் உண்டா என்றும் கேட்கவில்லை. இரண்டு ஆண்டு ஊசிக்குப் பிறகு, குழந்தைக்காகப் பரிசோதித்தபோது விந்தில் ஓர் உயிரணுகூட இல்லை.

ஆண் ஹார்மோனையே ஏற்றிக்கொண்டவருக்கு இது எப்படி நேர்ந்தது? மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பிட்யூட்டரி சுரப்பிக்குச் சமிக்ஞை அனுப்புகிறது. பிட்யூட்டரியோ எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரண்டு ஹார்மோன்களை இரத்தத்தில் விடுகிறது. எல்எச் விந்தகத்தை டெஸ்டோஸ்டிரோன் சுரக்கவைக்கும். எஃப்எஸ்எச் உயிரணு உருவாகத் துணைநிற்கும். நம் வீடுகளில் பலர் மாதப் பணம் கட்டி அடுக்குக் கேரியரில் சாப்பாடு தருவிக்கிறோம் அல்லவா? வாசலுக்கே சாப்பாடு வரும்போது யார் அடுப்பைப் பற்றவைப்பார்கள்? அப்படித்தான் மூளையும். இரத்தத்தில் தேவையான அளவு டெஸ்டோஸ்டிரோன் ஓடுவதைக் கண்டால் சமிக்ஞையை நிறுத்திவிடும். ஆனால், உயிரணு வளர விந்தகத்துக்குள் இருக்க வேண்டிய அளவு, இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அது அங்கேயே சமைத்தால்தான் கிடைக்கும். ஊசி மருந்து அந்த அளவை எட்டாது.

கேரியர் நின்ற அன்றே வீட்டில் சோறு வெந்துவிடாது. அவர் போட்டுக்கொண்டது 10 முதல் 14 வாரங்களுக்கு ஒருமுறை போடும் எண்ணெய் ஊசி. அது தசையில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசியும். ஆகவே, கடைசி ஊசி போட்ட நாளிலிருந்து கணக்குப் பார்ப்பது தவறு. ஜெல் என்றால் சில நாள்களில் வடிந்துவிடும். மருந்து வடிந்த பிறகுதான் எல்எச் எழும். அதன் பின்னால் டெஸ்டோஸ்டிரோன். எல்லாவற்றுக்கும் கடைசியில் உயிரணு. ஓர் உயிரணு உருவாகி முடிக்கவே ஏறக்குறைய 74 நாள்கள் ஆகும்.

வெளியிலிருந்து வந்ததும் நின்று, உள்ளே சுரப்பதும் தொடங்காத அந்த இடைவெளிதான் கொடுமையானது. அசதி, ஆசையின்மை, எரிச்சல், காரணமில்லாத அழுகை. நாலாம் மாதம் அவர் என் எதிரில் உட்கார்ந்து, "டாக்டர், ஊசி போட்டால்தான் நான் மனிதன். இல்லாவிட்டால் நடைப்பிணம்" என்றார். நான் இரத்தப் பரிசோதனைத் தாளை அவர் பக்கம் திருப்பி, எல்எச் எண்ணைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டேன். முதலில் 0.1. இப்போது 2.3. "மூளை சமிக்ஞை அனுப்பத் தொடங்கிவிட்டது. உடம்பு உணர இன்னும் கொஞ்ச நாள் ஆகும்" என்றேன். அவர் மனைவி அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

2006-இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. கருத்தடை ஆராய்ச்சிக்காக ஹார்மோன் எடுத்துக்கொண்ட 1549 ஆரோக்கியமான ஆண்களின் விவரங்களை அது தொகுத்துப் பார்த்தது. நிறுத்திய 6 மாதங்களில் 67 விழுக்காட்டினருக்கும், 12 மாதங்களில் 90 விழுக்காட்டினருக்கும் உயிரணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 2 கோடியை மீண்டும் எட்டும் என்றும், 24 மாதங்களில் எல்லோரும் எட்டிவிடுவார்கள் என்றும் அது கணித்தது. வயது கூடியவர்களுக்கும், நெடுங்காலம் எடுத்தவர்களுக்கும், உடற்கட்டுக்காக அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டவர்களுக்கும் இன்னும் தாமதமாகலாம்; சிலருக்கு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் குறைபாட்டோடு பிறந்தவர், விந்தகங்களை இழந்தவர், பிட்யூட்டரி கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் ஆகியோர் என் பேச்சைக் கேட்டு ஊசியை நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்கு அது கட்டாயம் தேவைப்படும் மருந்தாக இருக்கலாம். முதலில் உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

விரைவாக மீள வேண்டியவர்களுக்கு, எல்எச் போலவே வேலை செய்யும் எச்சிஜி ஊசியையோ, மூளையின் சமிக்ஞையைத் தூண்டிவிடும் குளோமிஃபீன் மாத்திரையையோ நாங்கள் சிலசமயம் தருகிறோம். இணையத்தில் யாரோ விற்கும் பொட்டலத்தை வாங்கி நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள். சிங்கப்பூரில் டெஸ்டோஸ்டிரோன் மருத்துவர் சீட்டோடு மட்டுமே வாங்க வேண்டிய மருந்து. திருட்டுத்தனமாக வாங்கியிருந்தாலும் எங்களிடம் மறைக்காதீர்கள். அட்டைப்பெட்டியையே எடுத்து வாருங்கள், திட்ட மாட்டோம். எந்த மருந்து, எத்தனை வாரம் என்று தெரிந்தால்தான் எங்களால் கணக்குப் போட முடியும்.

மனைவிமார்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த மாதங்களில் அவர் விலகிப் படுத்தால் உங்கள்மீது வெறுப்பு என்று எண்ணிவிடாதீர்கள். உயிரோடு இருப்பதே வீண் என்று அவர் பேசினால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். தற்கொலைத் தடுப்புக்கான எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள்.

அந்தக் கணவருக்குப் பத்தாம் மாதம் முடிவு வந்தது. மில்லிலிட்டருக்கு 90 லட்சம். இயல்பான அளவைவிடக் குறைவுதான். ஆனால் பூஜ்ஜியத்திலிருந்து வந்த எண் அது. இரவில் குறட்டைக்கான முகமூடி போட்டுத் தூங்குகிறார், எட்டுக் கிலோ குறைந்திருக்கிறார். அடுத்த பரிசோதனைக்கு மூன்று மாதம் கழித்து, காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறேன்.