சரக்குச் சீட்டை யார் பார்ப்பது?

(மனித உரிமை நாளையொட்டித் திருச்சியில் நடந்த தொழிற்சங்கக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

துப்பாக்கி, தோட்டா போன்ற சிறு ஆயுதங்களின் வர்த்தகத்தை உலக அளவில் கட்டுப்படுத்துவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஜெனீவாவில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு பேசுகிற விஷயம் இது, திருச்சியில் எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். நவல்பட்டில் துப்பாக்கித் தொழிற்சாலை வைத்திருக்கிற ஊர் இது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு கப்பலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வந்திருப்பவர்களில் பாதிப் பேர் சுமைப்பணித் தொழிலாளர்கள், உங்களுக்கு அது பிடிக்கும்.

2008 ஏப்ரல். ஜிம்பாப்வேயில் மார்ச் 29 அன்று வாக்குப்பதிவு முடிந்து வாரக்கணக்கில் ஆகிவிட்டது. அதிபர் தேர்தல் முடிவை மட்டும் அறிவிக்கவில்லை. அதிபராக இருந்த முகாபே பின்தங்கிவிட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்ட கிராமங்களில் அடிதடி தொடங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து, தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே 'ஆன் யூ ஜியாங்' என்ற சீனக் கப்பல் வந்து நங்கூரம் போட்டது. அதில் 77 டன் ஆயுதம் இருந்தது. ஏகே-47 துப்பாக்கிக்கான தோட்டா மட்டும் கிட்டத்தட்ட 30 லட்சம். தோளில் வைத்துச் சுடும் ராக்கெட் குண்டுகள் 1,500. மோர்ட்டார் குண்டுகள் சில ஆயிரம். வாங்கியது ஜிம்பாப்வே அரசு. அந்த நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. ஆகவே டர்பனில் இறக்கி, லாரியில் ஏற்றி, தென்னாப்பிரிக்கச் சாலை வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும்.

இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஜிம்பாப்வே மீது ஐ.நா.வின் ஆயுதத் தடை கிடையாது. முந்தைய ஆண்டே போட்ட ஒப்பந்தம், வழக்கமான ராணுவ வர்த்தகம் என்று சீனா சொன்னது. தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே இருக்கிற ஆயுதக் கட்டுப்பாட்டுக் குழு, சரக்கு நாட்டைக் கடந்து போக அனுமதிச் சீட்டும் கொடுத்துவிட்டது. எல்லாக் காகிதமும் சரியாக இருந்தது.

அப்புறம் எங்கே மாட்டியது? சரக்கு ஆவணம் ஒரு பத்திரிகை ஆசிரியர் கைக்குக் கிடைத்துவிட்டது. செய்தி வெளியே வந்தது. தென்னாப்பிரிக்கப் போக்குவரத்துத் தொழிலாளர் சங்கமான சட்டாவு, எங்கள் ஆட்கள் இந்தச் சரக்கை இறக்கவும் மாட்டார்கள், லாரி ஓட்டவும் மாட்டார்கள் என்று அறிவித்தது. இந்தத் தோட்டா எல்லை தாண்டிப் போனால் யார் மேல் பாயும் என்று அந்தத் தொழிலாளர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை. அடி தாங்காமல் ஓடி வந்த ஜிம்பாப்வே அகதிகள் லட்சக்கணக்கில் அவர்கள் தெருக்களிலேயே இருந்தார்கள்.

இன்னொரு பக்கம், ஆங்கிலிகன் பிஷப் ரூபின் பிலிப்பும் அவரோடு சேர்ந்தவர்களும் டர்பன் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்கள் கையில் இருந்தது 2002இல் தென்னாப்பிரிக்கா இயற்றிய ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டம். சொந்த மக்களின் உரிமையைத் தொடர்ந்து மிதிக்கிற அரசுகளுக்கு ஆயுதம் போய்ச் சேர உதவக் கூடாது என்று அதன் 15ஆம் பிரிவு சொல்கிறது. அனுமதி கொடுத்த குழு தன் சொந்தச் சட்டத்தையே புரட்டிப் பார்க்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஏப்ரல் 18 அன்று நீதிமன்றம் அந்த அனுமதியை நிறுத்திவைத்தது. உத்தரவைக் கையில் வாங்காமலே கப்பல் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது.

பிறகு அது ஆப்பிரிக்காவின் தென்கரை நெடுகச் சுற்றியது. மொசாம்பிக் இடம் கொடுக்கவில்லை. ஜாம்பியா அதிபர் ம்வானவாசா, யாரும் இதை உள்ளே விடாதீர்கள் என்று அண்டை நாடுகளைக் கேட்டுக்கொண்டார். அங்கோலாவில் மட்டும் நிறுத்த விட்டார்கள், அதுவும் அந்த நாட்டுக்கு வந்த கட்டுமானச் சரக்கை இறக்குவதற்கு. ஆயுதம் திரும்பி வருகிறது என்று கடைசியில் சீனா அறிவித்தது. வேறு வழியில் வந்து சேர்ந்துவிட்டது என்று ஜிம்பாப்வே அமைச்சர் ஒருவர் பிறகு சொன்னார், சீனா மறுத்தது. அதே ஆண்டு ஜூலையில் ஜிம்பாப்வே மீது ஆயுதத் தடை போட ஐ.நா. பாதுகாப்பு அவையில் தீர்மானம் வந்தது. ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டு அதைக் கவிழ்த்தன. வல்லரசுகள் கூடியிருக்கிற அவையால் செய்ய முடியாததை மூன்று மாதம் முன்பே துறைமுகத் தொழிலாளர்கள் செய்து முடித்திருந்தார்கள்.

இதை இவ்வளவு நேரம் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த ஆவணம் வெளியே வந்திருக்காவிட்டால் சங்கமும் இல்லை, வழக்கும் இல்லை. பெட்டி பெட்டியாக இறங்கிப் போயிருக்கும்.

ஆயுத வியாபாரம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நள்ளிரவுக் கடத்தல், சினிமா வில்லன். நிஜத்தில் பெரும்பாலான துப்பாக்கி முதல் தடவை சட்டப்படிதான் விற்கப்படுகிறது. பிறகு தடம் மாறுகிறது. தடம் மாற்றுவது இறுதிப் பயனாளர் சான்றிதழ் என்கிற ஒரே ஒரு தாள். அரசு முத்திரை, பொருட்பட்டியல், ஒரு கையெழுத்து, எங்கள் சொந்த உபயோகத்துக்கு வாங்குகிறோம், வேறு யாருக்கும் தர மாட்டோம் என்று ஒரு வாக்கு. விற்கிற நாடு அதைக் கோப்பில் சொருகிவிட்டுச் சரக்கை அனுப்பிவிடும். நம் ரேஷன் கடையில் ஒரு கிலோ சர்க்கரை வாங்கக் கைரேகை வைக்க வேண்டியிருக்கிறது. அந்த அளவுச் சரிபார்ப்புகூட இதற்குக் கிடையாது.

2000 ஜூலையில் உக்ரைனிலிருந்து ஐவரி கோஸ்டின் அபிஜானுக்கு 50 லட்சம் தோட்டாக்கள் ராட்சத விமானம் ஒன்றில் போயின. சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் அந்நாட்டின் ராணுவ ஆட்சியாளர் ராபர்ட் குயே. அங்கிருந்து பெரும்பகுதி, ஐ.நா. தடை விதித்திருந்த லைபீரியாவுக்குச் சின்ன விமானத்தில் தவணை தவணையாகப் போய்விட்டது. லைபீரியாவின் சார்லஸ் டெய்லர்தான் சியரா லியோனில் குழந்தைகளின் கையை வெட்டிய கிளர்ச்சிக் கும்பலுக்குப் படியளந்தவர். தரகர் லியோனிட் மினின் அடுத்த மாதமே மிலன் அருகே ஓர் ஓட்டல் அறையில் பிடிபட்டார். கட்டுக்கட்டாக ஆவணங்களும் வைரமும் போதைப் பொருளும் அதே அறையில். ஆயுதம் இத்தாலி மண்ணைத் தொடவே இல்லை, எனவே அந்தக் குற்றத்தை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று 2002இல் இத்தாலிய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஏழை நாட்டு ஊழல் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஜெர்மனிக்கு வருவோம். ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் மெக்ஸிகோவுக்கு ஜி36 துப்பாக்கி விற்க உரிமம் வாங்கியது. சியாபஸ், சிவாவா, கெரெரோ, ஹலிஸ்கோ ஆகிய நான்கு மாநிலங்களில் மனித உரிமை நிலை மோசம், அங்கே போகக் கூடாது என்பது ஜெர்மன் அரசின் எண்ணம். சான்றிதழில் வேறு மாநிலங்களின் பெயரை எழுதினார்கள், துப்பாக்கி இந்த நான்குக்கும் போனது. ஆயிரக்கணக்கில் போனது. 2014 செப்டம்பரில் கெரெரோவின் இகுவாலா நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவர்கள் 43 பேர் காணாமல் ஆக்கப்பட்டார்களே, அந்த ஊர்ப் போலீஸாரிடமும் ஜி36 இருந்தது. 2019இல் ஸ்டுட்கார்ட் நீதிமன்றம் முன்னாள் ஊழியர்கள் இருவருக்குத் தண்டனையும், நிறுவனத்துக்கு 37 லட்சம் யூரோ பிடித்தமும் விதித்தது. மேல் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பைப் பெரும்பாலும் உறுதி செய்தது. செய்தபோது, இறுதிப் பயனாளர் சான்றிதழ் உரிமத்தின் பகுதியே அல்ல என்றும் சொல்லிவிட்டது. வாக்குறுதியை நம்பித்தான் உரிமமே கொடுக்கிறார்கள், ஆனால் வாக்குறுதி உரிமத்தில் சேராதாம். வக்கீல்களுக்குப் புரியும் போல, எனக்குப் புரியவில்லை.

இப்படிப்பட்ட ஓட்டைகளை அடைக்கத்தான் ஆயுத வர்த்தக உடன்படிக்கை வந்தது. கோஸ்டாரிகாவின் ஆஸ்கர் அரியாஸ் உள்ளிட்ட நோபல் பரிசாளர்கள் 1990களிலேயே தொடங்கிவைத்த யோசனை. 2003இலிருந்து மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டியும் தொண்டு நிறுவனமான ஆக்ஸ்ஃபாமும் வேறு அமைப்புகளோடு சேர்ந்து பிரச்சாரம் செய்தன. 2013 மார்ச்சில் எல்லோரும் ஒருமனதாக ஏற்க வேண்டும் என்ற ஐ.நா. மாநாட்டை ஈரான், வடகொரியா, சிரியா மூன்றும் தடுத்தன. ஏப்ரல் 2 அன்று பொதுச்சபையில் வாக்கெடுப்புக்கு விட்டு 154 நாடுகளின் ஆதரவோடு நிறைவேற்றினார்கள். 2014 டிசம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது.

அதில் இரண்டு பிரிவுகளை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். இனப்படுகொலைக்கோ மானுடத்துக்கு எதிரான குற்றத்துக்கோ பொதுமக்களைத் தாக்கவோ இந்த ஆயுதம் பயன்படும் என்று தெரிந்தால், விற்கவே கூடாது. இது 6ஆம் பிரிவு. அப்படித் திட்டவட்டமாகத் தெரியாவிட்டாலும், மனித உரிமை மீறலுக்குப் பயன்படும் அபாயம் எவ்வளவு என்று உரிமம் கொடுக்கும் முன் ஏற்றுமதி நாடு எடைபோட வேண்டும், அபாயம் மேலோங்கினால் மறுக்க வேண்டும். இது 7ஆம் பிரிவு. பெண்களுக்கு எதிரான வன்முறையையும் இந்தக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது. டாங்கி, போர் விமானத்தோடு துப்பாக்கியையும் சேர்த்ததும், தோட்டாவை விட்டுவிடாததும் போராடிப் பெற்றவை. துப்பாக்கி ஐம்பது வருஷம் உழைக்கும், தோட்டா தீர்ந்துவிடும். சப்ளையை நிறுத்தினால் சண்டை ஓயும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

பல் இல்லாத உடன்படிக்கை என்று குறை சொல்கிறார்கள். சரிதான், எடைபோடுவதும் முடிவெடுப்பதும் விற்பவரே. மீறினால் தண்டிக்க ஆள் இல்லை. 110க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன, ரஷ்யா சேரவில்லை. அமெரிக்கா 2013இல் கையெழுத்துப் போட்டது, 2019இல் டிரம்ப் துப்பாக்கிப் பிரியர்களின் மாநாட்டு மேடையிலேயே அதை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார். சீனா 2020இல் சேர்ந்தது. இருந்தாலும் இதை நான் தூக்கிப்போட மாட்டேன். எழுத்தில் ஒரு கடமை இருந்தால் அதை வைத்து யாராவது வழக்குப் போடலாம். டர்பனில் உள்நாட்டுச் சட்டத்தின் ஒரு பிரிவை வைத்துத்தான் கப்பலைத் திருப்பினார்கள்.

இந்தியா அந்த வாக்கெடுப்பில் நடுநிலை வகித்தது. ஏற்றுமதி செய்கிற நாடுகள் நினைத்த நேரத்தில் கையை விரித்துவிடலாம், வாங்குகிற நாட்டுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை, தீவிரவாதிகளின் கைக்கு ஆயுதம் போவதைப் பற்றி அழுத்தமாக ஒன்றும் இல்லை என்பவை நம் அரசு சொன்ன காரணங்கள். கடைசிக் காரணத்தில் நியாயம் இருக்கிறது. 1995 டிசம்பர் 17 இரவு மேற்கு வங்கத்தின் புருலியாவில் விமானத்திலிருந்து ஏகே-47 துப்பாக்கிகளும் லட்சக்கணக்கான தோட்டாக்களும் கொட்டினவே, அவை பல்கேரியாவில் வாங்கியவை. காட்டிய சான்றிதழ் வங்கதேசத்தின் பெயரில். 1997இல் இலங்கை ராணுவம் ஜிம்பாப்வேயில் வாங்கிய 30,000க்கும் மேற்பட்ட மோர்ட்டார் குண்டுகள் மொசாம்பிக்கின் பெய்ரா துறைமுகத்தில் கப்பலேறி விடுதலைப் புலிகளிடம் போய்ச் சேர்ந்தன. இதே ஜிம்பாப்வேதான். இவ்வளவு பட்ட பிராந்தியம், சரிபார்ப்பு இன்னும் கடுமையாக வேண்டும் என்று முன்னால் நின்று கேட்டிருக்க வேண்டாமா?

மேலும், 2013இல் நாம் வாங்குகிற நாடாக மட்டும் பேசினோம். இப்போது விற்கிற நாடும்கூட. 2023-24இல் பாதுகாப்பு ஏற்றுமதி 21,000 கோடி ரூபாயைத் தாண்டியது, அடுத்த ஆண்டு 23,000 கோடிக்கு மேல். தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், சேலத்தோடு நம் திருச்சியும் இருக்கிறது. வேலை வரட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. இங்கே செய்வது எங்கே போகிறது என்று கேட்கிறேன், அவ்வளவுதான். மொத்தம் எத்தனை கோடி என்று அரசு பெருமையாகச் சொல்கிறது. எந்த ஆயுதத்துக்கு, எந்த நாட்டுக்கு, என்ன ஆராய்ந்து உரிமம் கொடுத்தார்கள் என்ற பட்டியல் வெளியே வருவதில்லை.

2024 மே மாதம் ஸ்பெயின், மரியன்னே டானிகா என்ற கப்பல் கார்த்தஹேனா துறைமுகத்தில் நிற்க அனுமதி மறுத்தது. உள்ளே சுமார் 27 டன் வெடிபொருள், இஸ்ரேலின் ஹைஃபாவுக்குப் போகிறது. கப்பல் கிளம்பிய துறைமுகம் சென்னை. இது சிறு ஆயுதம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உரிமம் கொடுக்கிற முறை ஒன்றுதான். அதற்கு மூன்று மாதம் முன்னால், நாட்டின் 11 பெரிய துறைமுகங்களில் உறுப்பினர்களைக் கொண்ட நீர்வழிப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு, பாலஸ்தீனப் போருக்கான ஆயுதச் சரக்கைத் தொட மாட்டோம் என்று அறிவித்திருந்தது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தானே தொழிலாளி மறுக்க முடியும்? நம் கடற்கரையிலிருந்து போனதை ஸ்பெயின் அமைச்சர் சொல்லித்தான் நாம் தெரிந்துகொண்டோம். அதே ஆண்டு செப்டம்பரில் இஸ்ரேலுக்கான ஏற்றுமதி உரிமங்களை நிறுத்தக் கோரிய பொதுநல மனுவை, வெளியுறவுக் கொள்கையில் தலையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. டர்பன் நீதிமன்றத்தின் கையில் ஒரு 15ஆம் பிரிவு இருந்தது.

பிரிட்டனில் உரிம விவரங்களை வெளியிடுகிறார்கள். அதனால்தான் 2009இல் இலங்கைப் போர் முடிந்த பிறகு, அந்த நாட்டுக்குக் கொடுத்த உரிமங்களை மறுபடி ஆராயுங்கள் என்று அவர்களுடைய நாடாளுமன்றக் குழுவால் அரசைக் கேட்க முடிந்தது. முள்ளிவாய்க்காலில் போன உயிர் அதனால் திரும்பவில்லை. கேட்கவாவது முடிந்தது. நம் நாடாளுமன்றத்திலும் பாதுகாப்புத் துறைக்கு நிலைக்குழு இருக்கிறது, கேள்வி நேரம் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் போட்டால் பாதுகாப்பு ரகசியம் என்று 8ஆம் பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்ப இடம் உண்டு, ஆகவே எம்.பி.க்கள் வழியாகத்தான் போக வேண்டும். நாடுவாரியாக உரிமப் பட்டியல் வெளியிடுவீர்களா, ஏற்றுமதி உரிமத்துக்கு மனித உரிமையை ஒரு நிபந்தனையாகச் சட்டத்தில் சேர்ப்பீர்களா, போன சரக்கு சொன்ன இடத்தில்தான் இருக்கிறதா என்று பிறகு யாராவது போய்ப் பார்க்கிறார்களா? மூன்று கேள்விதான். மனு வெளியே மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடியுங்கள், அடுத்த வாரம் எம்.பி. அலுவலகத்துக்குக் கொண்டுபோக நாலு பேர் வேண்டும், பெயர் கொடுங்கள்.