தாசில் பண்ணும் ஆசைக்கு இங்கிலீஷில் எத்தனை பெயர்?

(நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியர் அம்மையார் அவர்களே, வரவேற்புரையை நான்கே நிமிடத்தில் முடித்து எனக்கு நேரம் மிச்சம் பிடித்துக் கொடுத்த நூலகர் அவர்களே, பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுக்கலாம் என்று யோசனை சொன்ன வாசகர் வட்டப் பொருளாளர் அவர்களே, ஒலிபெருக்கி அமைத்த தம்பி, முன்வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

"ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க." தாசில் பண்ணுவது என்றால் தாசில்தார் உத்தியோகம் பார்ப்பது. இந்தப் பழமொழியில் வருகிற ஆசைக்கு இங்கிலீஷில் என்ன சொல்? டிசைரா, ஆம்பிஷனா, ஆஸ்பிரேஷனா? பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்கிறீர்கள். இன்று மூன்று செய்தி பேச வந்திருக்கிறேன். ஒன்று, ஆம்பிஷன் பிறந்த கதை. இரண்டு, அதன் பங்காளிகள். மூன்று, இந்தச் சொற்களுக்குப் பின்னால் 'டு' வருமா, 'அட்' வருமா, 'ஃபார்' வருமா என்கிற இலக்கணம்.

கதைக்கு ரோமாபுரிக்குப் போக வேண்டும். ஆம்பிஷனுக்கு வேர் லத்தீனில் 'அம்பிரே'; சுற்றி வருவது என்று பொருள். யார் சுற்றினார்கள்? தேர்தலில் நின்றவர்கள். மேலாடையில் சுண்ணப்பொடி தேய்த்துப் பளீரென்று வெளுப்பாக்கிக் கொள்வார்கள். பளீர் வெள்ளைக்கு அங்கே 'கேண்டிடஸ்' என்று பெயர்; இன்றைய கேண்டிடேட் அதிலிருந்து வந்தவர். வெள்ளை உடுப்புக்கும் வேட்பாளருக்கும் உள்ள உறவு நம் ஊரில் தொடங்கியது என்று நினைத்திருந்தீர்களா? (சிரிப்பு) கூடவே ஓர் அடிமை நடப்பான். எதிரே வருகிறவர் பெயரை முதலாளி காதில் ஓதுவதுதான் அவன் வேலை. முதலாளி உடனே கையைப் பிடித்து, பெயர் சொல்லி நலம் விசாரிப்பார்.

அதோடு நின்றதா? வாக்காளர்களுக்குப் பணம் பிரித்துக் கொடுக்கத் தனி ஆட்கள் இருந்தார்கள். பேசிய தொகையை இடையில் வாங்கி வைத்துக்கொள்ள வேறு ஆட்கள். விருந்து, வாள்சண்டைக் காட்சி எல்லாம் உண்டு. இந்தக் குற்றத்துக்கு 'அம்பிடஸ்' என்று பெயர். இதைத் தடுக்கச் சட்டத்துக்கு மேல் சட்டம் வந்தது. ஆண்டுக்கு இருவர் வகிக்கும் உச்சப் பதவிக்குக் கான்சல் என்று பெயர். கி.மு. 63-இல் கான்சலாக இருந்த பேச்சாளர் சிசரோ கொண்டுவந்த சட்டம் கடுமையானது: நிரூபணமானால் பத்து ஆண்டு நாடுகடத்தல், போட்டியிடுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் வாள்சண்டை நடத்தக்கூடாது.

அதே ஆண்டு முரேனா என்பவர் அடுத்த கான்சலாகத் தேர்வானார். தோற்றுப்போன சல்பீசியஸ் அம்பிடஸ் வழக்குப் போட்டார்; கறாருக்குப் பேர்போன அரசியல்வாதி கேட்டோவும் சேர்ந்துகொண்டார். முரேனாவுக்காக வாதாட எழுந்தவர் யார் தெரியுமா? சட்டம் போட்ட அதே சிசரோ! (கைத்தட்டல்) கேட்டோவின் கறார்த்தனத்தை அவர் கேலி செய்ததில் மன்றமே சிரித்தது. "நமக்கு வாய்த்த கான்சல் வேடிக்கைக்காரர்தான்" என்று கேட்டோ சொன்னதாக, பழைய வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். கலகக்காரன் கேட்டலின் படையோடு வெளியே நிற்கும்போது, புதியவர்கள் பதவியேற்கும் ஜனவரி முதல் நாள் ஒரு கான்சல் குறையலாமா என்பது சிசரோவின் வாதம். முரேனா விடுதலையானார். அவர் ஆசை தாசில் பண்ணியது, அதிர்ஷ்டமும் கழுதைப் பக்கம் போகவில்லை.

அந்தக் கறை ஆம்பிஷன் என்ற சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1599 வாக்கில் அரங்கேறிய ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில், சீசர் 'ஆம்பிஷஸ்' என்று புரூட்டஸ் சொன்னதை ஆண்டனி திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவார். அங்கே 'லட்சியவாதி' என்று மொழிபெயர்த்தால் காட்சியே கெட்டது. லட்சியம் இருந்ததற்காகவா குத்திக் கொன்றார்கள்? அங்கே அதற்கு அதிகார ஆசை என்று பொருள். 'லைஃப்லாங் ஆம்பிஷன்' என்றால் வாழ்நாள் லட்சியம். 'நேக்கட் ஆம்பிஷன்' என்றால் வெட்கமில்லாத பதவி வெறி. முன்னால் நிற்கும் சொல்தான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. உங்கள் திட்டத்தை மேலதிகாரி 'ஆம்பிஷஸ் பிளான்' என்று எழுதினால் உடனே இனிப்பு வாங்கிவிடாதீர்கள். 'உன்னால் முடியுமா' என்ற சந்தேகமும் அதற்குள் இருக்கலாம்.

இனிப் பங்காளிகள். ஆஸ்பிரேஷனுக்கு வேர் மூச்சு. ஆம்பிஷனைவிட மென்மையானது, மேல்நோக்கிப் பார்ப்பது, பெரும்பாலும் பன்மையில் வருவது. 'மக்களின் ஆஸ்பிரேஷன்ஸ்' என்று தலையங்கம் எழுதுவார்கள். 'மக்களின் ஆம்பிஷன்ஸ்' என்று எழுதினால் இடிக்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவரை நம் ஊரில் 'ஆஸ்பிரன்ட்' என்கிறோம், பொருத்தம்தான். ஆனால் ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் 'ஆஸ்பிரேஷன்' என்று இருந்தால் நோயாளிக்கு லட்சியம் வந்துவிட்டதாக மகிழாதீர்கள். சோறோ தண்ணீரோ நுரையீரலுக்குள் போயிருக்கும்.

டார்கெட் முதலில் சின்னக் கேடயம், பிறகு அம்புக் குறி. இன்று அதற்கு ஓர் எண்ணும் ஒரு தேதியும் வேண்டும். பெரும்பாலும் வேறொருவர் நம் தலையில் வைப்பது. மாதக் கடைசியில் விற்பனைப் பிரதிநிதியின் முகத்தைப் பார்த்தால் பொருள் விளங்கும். கோல் என்பது போய்ச் சேரும் இடம். எய்முக்கு வேர் 'மதிப்பிடு'. வில்லாளி தூரத்தைக் கணக்கிடுவது போல.

ஆய்வேட்டில் 'எய்ம்' ஒன்றே ஒன்று, அகலமாக இருக்கலாம். 'அப்ஜெக்டிவ்ஸ்' மூன்று நான்கு, ஒவ்வொன்றும் செய்து முடித்ததைச் சரிபார்க்கக்கூடிய வேலையாக இருக்க வேண்டும். கிராமப் பெண்களின் வாசிப்பை அறிவது எய்ம். இரண்டு ஊர்களில் நூலக இரவல் பதிவேட்டை ஒப்பிடுவது அப்ஜெக்டிவ். ஒரே வாக்கியத்தை இரண்டு தலைப்பிலும் ஒட்டினால் வழிகாட்டி திருப்பித்தான் அனுப்புவார். 'பிரிடென்ஷன்' என்று ஒன்று உண்டு. சரக்கு இல்லாத பந்தா அது. பழமொழியில் தாசில் பண்ண ஆசைப்பட்டவருக்குச் சரக்கும் இல்லையென்றால் இந்தச் சொல்தான் பொருந்தும்.

இதெல்லாம் பிள்ளைகளுக்கு எங்கே தெரியும்? பொருளை மட்டும் ஒற்றை வரியில் தரும் கையடக்க அகராதியில் ஆம்பிஷனுக்கு 'பேராசை, லட்சியம்' என்று போட்டு முடித்துவிடுவார்கள். எது எப்போது என்று சொல்ல எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டும். ஹார்ன்பி என்ற ஆங்கிலேய ஆசிரியர் ஜப்பானில் இங்கிலீஷ் கற்பித்தபோது, அயல்மொழிக்காரர்களுக்கென்றே உருவாக்கிய அகராதி 1942-இல் டோக்கியோவில் வெளிவந்தது. அதன் வழித்தோன்றல்தான் இன்றைய ஆக்ஸ்போர்டு கற்போர் அகராதி. அந்த மாதிரிப் புத்தகம் பல பள்ளிகளில் இருக்கிறது. எங்கே? பீரோவில். பீரோ பூட்டியிருக்கிறது. சாவி, விடுப்பில் இருக்கிற ஆசிரியரிடம்!

ஆகவே என் கோரிக்கை: ஒவ்வொரு வகுப்பிலும் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் உள்ள ஓர் அகராதி, திறந்த மேசைமேல். கிழியும், மை கொட்டும், கொட்டட்டும். வாரம் ஐந்து சொல் போதும். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: சொல், அகராதியின் வாக்கியம், நம் வாக்கியம். மூன்றாவதை எழுதும்போது 'மை ஆம்பிஷன் இஸ் டாக்டர்' என்று விழும். 'என் லட்சியம் டாக்டர்' என்பது தமிழில் செல்லும், அங்கே செல்லாது. 'டு பிகம் எ டாக்டர்' வேண்டும். இரண்டாம் பத்தியைப் பார்த்தால் பிள்ளையே திருத்திக்கொள்ளும். அகராதியைப் பூட்டி வைத்துவிட்டுப் பிள்ளைகளைத் தாசில் பண்ணு என்றால், அதிர்ஷ்டத்தின்மேல் பழி போட நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூன்றாவது செய்தி, அந்த 'டு', 'அட்', 'ஃபார்' இலக்கணம், அப்படியே நிற்கிறது. அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டால் அதிலிருந்தே தொடங்குகிறேன். தலைமையாசிரியர் அம்மையார் கைப்பையைத் திறந்து ஒரு சாவிக்கொத்தை எடுத்துக் காட்டுகிறார்கள். நன்றி அம்மா, வணக்கம்.