41ஆவது பெயர்: டென்வர் நகட்ஸ் வீரர்கள் வந்த வழிகள்

[திரையில்: டென்வர் அரங்கின் தரை, அதில் 5280 என்ற எண்]

வணக்கம். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏயின் இறுதிச் சுற்று அங்கே இரவில் நடக்கும்போது மலையகத்தில் பொழுது விடிந்திருக்கும். 2023 ஜூன் 13ஆம் திகதி காலை, தோட்டங்களில் பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்கு ஏறிய பிறகு, டென்வர் நகட்ஸ் அணி மியாமி ஹீட் அணியை 94க்கு 89 என்ற புள்ளிக் கணக்கில் வென்று, இறுதிச் சுற்றை 4க்கு 1 எனக் கைப்பற்றியது. 1967இல் தொடங்கப்பட்டு 1976இல் என்பிஏயில் சேர்ந்த அந்த அணிக்கு அதுவே முதலாவது சம்பியன் பட்டம். அன்று வென்றவர்கள் எங்கே பிறந்தார்கள், என்ன வழியாக டென்வருக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதே இந்தக் காணொளியின் விடயம்.

திரையில் தெரியும் 5280 என்பது டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பதைக் குறிக்கும் எண். மீற்றர் கணக்கில் ஏறத்தாழ 1609. வந்திறங்கும் எதிரணிகளுக்கு இதை நினைவூட்டுவதில் டென்வர்க்காரர்களுக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் பந்து விளையாடிப் பழகிய பிள்ளைகள் அந்த எண்ணைக் கண்டு மிரளப் போவதில்லை. ஆனாலும் கடலோர நகரம் ஒன்றிலிருந்து வந்து, காற்று மெலிந்த இடத்தில் 48 நிமிட ஆட்டம் ஆடுவது கடினம் என்பது உண்மைதான். 2023இன் பிளேஓஃப் எனப்படும், பட்டத்துக்கான வெளியேற்றச் சுற்றுகளில் டென்வர் தன் அரங்கில் ஆடிய 11 ஆட்டங்களில் ஒன்றில் மாத்திரமே தோற்றது. இருந்தாலும் வெற்றிக்கு உயரத்தை மட்டும் காரணம் காட்ட முடியாது. அதற்கு முந்திய 46 என்பிஏ பருவங்களையும் அவர்கள் அதே உயரத்தில் இருந்துகொண்டுதான் வெறுங்கையோடு முடித்தார்கள்.

[திரையில்: 1 முதல் 60 வரை எண்களின் வரிசை]

வீரர்களைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் டிராஃப்ட் என்ற ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் 30 அணிகளும் வரிசையில் நின்று, பல்கலைக்கழகங்களிலிருந்தும் வெளிநாட்டுக் கழகங்களிலிருந்தும் வரும் இளம் வீரர்களை ஒவ்வொருவராகத் தெரிவு செய்கின்றன. இரண்டு சுற்றுகள், வழமையாக 60 பெயர்கள். முதல் சுற்றில் பெயர் வந்தவருக்குச் சம்பள ஒப்பந்தம் உறுதி, இரண்டாம் சுற்றில் வந்தவருக்கு அந்த உறுதி கிடையாது. ஆகவே ஒரு வீரரின் பெயருக்கு அருகில் இருக்கும் அந்தத் தெரிவு எண், அவரை இளம் வயதில் மற்றவர்கள் எப்படி மதிப்பிட்டார்கள் என்பதன் பதிவாக வாழ்நாள் முழுவதும் கூடவே வரும்.

நிகோலா யோகிச்சின் எண் 41. 2014இல் அவருடைய பெயர் தெரிவானபோது அமெரிக்கத் தொலைக்காட்சியில் துரித உணவு விளம்பரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பெயர் திரையின் அடியில் ஒரு வரியாக மாத்திரம் கடந்து போனது. சேர்பியாவின் வடக்கில் உள்ள சொம்போர் நகரத்தில் அவர் அப்போது உறங்கிக்கொண்டிருந்தார். செய்தியைச் சொன்னவர் நியூயோர்க்கிலிருந்து தொலைபேசியில் அழைத்த அண்ணன்.

பெற்றோர், இரண்டு அண்ணன்மார், பாட்டி ஆகியோருடன் ஒரு சிறிய அடுக்குமாடி வீட்டில் அவர் வளர்ந்தார். லயத்து வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்த நெருக்கத்தை விளக்கத் தேவையில்லை. சிறு வயதில் உடல் பருத்தவராக இருந்தார். ஒரு நாளில் மூன்று லீற்றர் வரை கொக்கா கோலா குடிப்பார். இந்த விவரங்களை அடுக்கி, எங்கிருந்தோ வந்த ஒருவர் தற்செயலாக உச்சிக்கு ஏறினார் என்று அவருடைய கதையைச் சொல்வோர் பலர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவருடைய அண்ணன்மார் இருவரும் அவருக்கு முன்னரே கூடைப்பந்து ஆடியவர்கள். ஒருவர் சேர்பியாவில் தொழில்முறை வீரராகவும், மற்றவர் அமெரிக்கப் பல்கலைக்கழக அணியிலும் ஆடினார். யூகோஸ்லாவியா காலத்திலிருந்தே அந்த நாட்டில் ஊர்தோறும் கழகங்கள் உண்டு. சிறுவர் ஆட்டங்களின் புள்ளி விவரங்கள்கூடப் பத்திரிகையில் வரும். அப்படி வந்த ஓர் எண் வரிசையைப் பார்த்துத்தான் முகவர் ஒருவர் அவரை 17 வயதில் பெல்கிரேட் நகரத்தின் மெகா கழகத்துக்கு அழைத்துச் சென்றார். ஒரு தண்டால்கூட ஒழுங்காக எடுக்க முடியாத பையனை அந்தக் கழகம் திருப்பி அனுப்பவில்லை.

டென்வரும் அவசரப்படவில்லை. தெரிவு செய்த பின்னரும் ஓராண்டு அவரைச் சேர்பியாவிலேயே ஆட விட்டது. அந்த ஆண்டில் அவர், முன்னாள் யூகோஸ்லாவிய நாடுகளின் கழகங்கள் ஆடும் எட்ரியாட்டிக் தொடரின் மிகச் சிறந்த வீரரானார். 2015இல் அமெரிக்காவுக்கு வந்தபோதும் அணியின் நடுநாயகமாக யாரும் அவரைக் கருதவில்லை. அதே 2014 டிராஃப்டின் முதல் சுற்றில், 16ஆவது தெரிவாக வந்த பொஸ்னிய வீரர் யூசுப் நுர்கிச்சைத்தான் சென்டர் எனப்படும், கூடைக்கு அருகில் ஆடும் உயரமானவரின் இடத்துக்கு அணி நம்பியிருந்தது. 2016 டிசம்பரில் பயிற்றுவிப்பாளர் மைக்கல் மலோன் அந்த இடத்தை யோகிச்சிடம் கொடுத்தார். அடுத்த பெப்ரவரியில் நுர்கிச் போர்ட்லண்ட் அணிக்கு மாற்றப்பட்டார்.

[திரையில்: யோகிச் பந்தைத் தலைக்கு மேலே பிடித்திருக்கும் காட்சி]

யோகிச்சின் உயரம் 211 சென்ரிமீற்றர். வலைப்பந்தில் இலங்கைக்காக ஆடிய தர்ஜினி சிவலிங்கத்தை நேரில் பார்த்தவர்கள், அவரைவிடச் சற்றே உயரமானவர் என்று எண்ணிக்கொள்ளலாம். ஆனால் யோகிச் துள்ளி எழும்புகிறவரோ வேகமாக ஓடுகிறவரோ அல்லர். அவருடைய பலம் பந்தை வழங்குவதில் இருக்கிறது. பொதுவாக உயரம் குறைந்த வீரர் ஒருவர் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்த, உயரமானவர் கூடைக்கு அடியில் காத்து நிற்பார். டென்வரில் பந்து பெரும்பாலும் யோகிச்சின் கைக்கு வரும். அவர் அதை உயர்த்திப் பிடித்து நிற்க, மற்ற நால்வரும் அவரைச் சுற்றி ஓடி வெட்டித் திரும்புவார்கள். எவருக்கு இடைவெளி கிடைக்கிறதோ அவரை நோக்கிப் பந்து போகும். 2021, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் தொடரின் மிகப் பெறுமதியான வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. அந்த விருதைப் பெற்றவர்களில் இத்தனை பின்தள்ளிய இடத்தில் தெரிவானவர் வேறு எவரும் இல்லை.

ஜமால் மரே கனடாவின் கிச்சனர் நகரத்துக்காரர். ஜமெய்க்காவில் பிறந்து சிறு வயதில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த அவருடைய தந்தையே முதல் பயிற்றுவிப்பாளர். பனிக்கட்டி படிந்த தரையில் பந்து தட்டுவது, பனியில் தண்டால் எடுப்பது, தொடை மீது சூடான தேநீர் நிறைந்த கோப்பைகளை வைத்துக்கொண்டு பாதி குந்திய நிலையில் நிற்பது ஆகியன மகனுக்கு அவர் கொடுத்த பயிற்சிகள். தேயிலையை வைத்து இப்படியும் ஒரு தண்டனை உண்டென்பது நமக்கே புதிது! கென்டக்கி பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆடிய பின்னர் 2016இல் 7ஆவது தெரிவாக டென்வருக்கு வந்தார். 2021 ஏப்ரலில் அவருடைய இடது முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் அறுந்தது. அடுத்த பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. திரும்பி வந்து, 2023 இறுதிச் சுற்று வரை யோகிச்சுடன் அவர் நடத்திய இருவர் ஆட்டத்தை, அதாவது ஒருவர் எதிரியை மறித்து நிற்க மற்றவர் அந்த மறைவைச் சுற்றி ஓடி வரும் ஆட்டத்தை, பார்த்தவர்கள் அந்தக் காத்திருப்பின் பெறுமதியை உணர்ந்திருப்பார்கள்.

மைக்கல் போர்ட்டர் ஜூனியரின் கதையிலும் காத்திருப்பு இருக்கிறது, ஆனால் எதிர்த் திசையில். பாடசாலைக் காலத்தில் நாட்டின் முதல் நிலை வீரர்களில் ஒருவராகப் பேசப்பட்டவர், முதுகு அறுவைச் சிகிச்சையால் பல்கலைக்கழகப் பருவத்தைக் கிட்டத்தட்ட முழுமையாக இழந்தார். அஞ்சிய அணிகள் விலகிப் போக, 2018இல் 14ஆவது தெரிவாக டென்வர் அவரை எடுத்து, முதல் பருவம் முழுவதும் ஓர் ஆட்டத்திலும் இறக்காமல் வைத்திருந்தது.

ஆரோன் கோர்டன் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரத்தவர். 2014இல் 4ஆவது தெரிவு. ஓர்லாண்டோ அணியில் முதன்மை வீரராக இருந்து, பந்தைக் கூடைக்குள் அடித்து இறக்கும் போட்டிகளில் புகழ் பெற்றவர் 2021 மார்ச்சில் டென்வருக்கு வந்த பின்னர், தன் கணக்கில் புள்ளி சேர்ப்பதை ஓரளவு விட்டு, எதிரணியின் மிகப் பலமான ஆட்டக்காரரைத் தடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டார். கோர்டன் அப்படி இறங்கி வந்ததுதான் அந்த அணியில் மிகவும் குறைவாகப் பேசப்பட்ட பங்களிப்பு என்பது என் கணிப்பு. ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரில் ஐந்தாமவரான கென்டேவியஸ் கால்டுவெல் போப் ஜோர்ஜியா மாநிலச் சிற்றூர் ஒன்றில் வளர்ந்தவர். 2020இல் லேக்கர்ஸ் அணியில் ஏற்கெனவே சம்பியன் பட்டம் வென்றவர்.

[திரையில்: மாற்று வீரர்கள் அமரும் வரிசை]

மாற்று வரிசையில் இருந்தவர்களின் பயணங்கள் இன்னும் நீண்டவை. ஜெஃப் கிரீன் 2007இல் 5ஆவது தெரிவானவர். இதயத்தின் பெருநாடியில் கண்டறியப்பட்ட வீக்கத்துக்காக 2012 ஜனவரியில் அறுவைச் சிகிச்சை செய்து, ஒரு பருவத்தை முழுதாக இழந்து, மீண்டு வந்து, டென்வர் தன் 11ஆவது அணியாக இருந்தபோது, 36 வயதில் பட்டம் வென்றார். இஷ் ஸ்மித்துக்கு எண்ணே கிடையாது. 2010இல் அவரை எவரும் தெரிவு செய்யவில்லை. டென்வர் அவருடைய 13ஆவது அணி, அது என்பிஏ வரலாற்றில் ஒரு சாதனை. பட்டம் வென்ற பருவத்தில் அவர் களத்தில் நின்ற நேரம் குறைவு. ரெஜி ஜாக்சன், அமெரிக்க விமானப் படைக் குடும்பத்தில் இத்தாலியில் பிறந்து, டென்வருக்கு அருகிலுள்ள கொலராடோ ஸ்பிரிங்ஸில் வளர்ந்தவர். கிறிஸ்டியன் பிரவுனோ 2022 ஏப்ரலில் கன்சாஸ் பல்கலைக்கழகத்துடன் தேசியப் பட்டம் வென்று, அடுத்த ஆண்டே இங்கும் வென்றார்; இரண்டையும் அடுத்தடுத்து வென்றவர்கள் அவருடன் சேர்த்து ஐவர் மாத்திரமே.

அந்த அணி நெடுநாள் ஒன்றாக இருக்கவில்லை. என்பிஏயில் சம்பள உச்சவரம்பு என்ற விதி இருக்கிறது. விரும்பிய தொகையைக் கொடுத்து எவரையும் வைத்துக்கொள்ள முடியாது. பொஸ்டனில் வளர்ந்து, 42ஆவது தெரிவாகத் தொடங்கிய புரூஸ் பிரவுன் டென்வரில் ஒரே பருவம் ஆடியவர் என்பதால், முந்தைய சம்பளத்தில் 120 வீதத்துக்கு மேல் அவருக்குக் கொடுக்க அந்த விதி இடம் தரவில்லை. அது ஏறத்தாழ 7.8 மில்லியன் டொலர். இந்தியானா அணி இரண்டு ஆண்டுகளுக்கு 45 மில்லியன் தருவதாகச் சொன்னது. அவர் போனார், போகாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. கிரீன் ஹூஸ்டனுக்கும், ஓராண்டு கழித்துக் கால்டுவெல் போப் ஓர்லாண்டோவுக்கும் சென்றார்கள். 2025 ஏப்ரலில் மலோன் பதவி நீக்கப்பட்டார். அந்தக் கோடையில் போர்ட்டர் புரூக்ளினுக்கு மாற்றப்பட்டார். அதே கோடையில் புரூஸ் பிரவுன், இந்தியானாவில் கிடைத்ததை விட மிகக் குறைந்த சம்பளத்துக்கு, ஓராண்டு ஒப்பந்தத்தில் டென்வருக்குத் திரும்பி வந்தார்.