ஆடிய காலும் பாடிய வாயும்: நடிகை சாரா ஆல்குட்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த அரங்கைத் தந்த பள்ளித் தாளாளர் ஐயா அவர்களே, மூட்டுவலியோடு படியேறி வந்திருக்கும் மூத்த நாடகக் கலைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

அயர்லாந்து நடிகை சாரா ஆல்குட்டைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறார்கள். அவருடைய இளமை, மேடை, முதுமை ஆகிய மூன்றையும் தொட்டுப் பேசுவேன். ‘ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது’ என்பார்கள். அந்த அம்மையாருக்கென்றே சொன்னது போலிருக்கிறது.

டப்ளினில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். 1904 டிசம்பர் 27 அன்று அந்நகரின் நாடக அரங்கமான ஆபி தியேட்டர் திறந்த இரவிலேயே அதன் மேடையில் நடித்தார்.

1907 ஜனவரியில் நடந்ததை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். ஜான் சிங் எழுதிய ‘தி பிளேபாய் ஆஃப் தி வெஸ்டர்ன் வேர்ல்ட்’ அரங்கேறுகிறது. தங்கை மாலி கதாநாயகி. அக்கா சாரா, விதவை குவின். நாடகம் பாதியில் இருக்கும்போதே, ஆபி தியேட்டரை நிறுவியவர்களில் ஒருவரான லேடி கிரகரி, ஸ்காட்லாந்தில் இருந்த கவிஞர் யேட்ஸுக்குத் தந்தி அடிக்கிறார்: நாடகம் பெரும் வெற்றி! மூன்றாம் அங்கம் வருகிறது. நாயகன் வாயில் பெண்களின் உள்ளாடையைக் குறிக்கும் ஒரு சொல். அவ்வளவுதான், கூச்சல். அடுத்த தந்தி பறக்கிறது: கூட்டம் குழம்பிக் கலைந்துவிட்டது! திங்கட்கிழமை காலால் தரையை உதைத்தார்கள், ஊதுகுழல் ஊதினார்கள். வசனம் ஒன்றும் காதில் விழவில்லை. போலீஸ் வந்தது. ஆனாலும் அந்த வாரம் முழுவதும் நாடகம் நடந்தது, ஐயா! ஆடிய கால் நிற்கவில்லை.

1918-இல் பிறந்த குழந்தையைப் பறிகொடுத்தார். அதே ஆண்டு விஷக்காய்ச்சலில் கணவரும் போனார். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் 1924-இல் ஷான் ஓ’கேசியின் நாடகத்தில் ஜூனோவாக நின்றார். சுடப்பட்ட மகனுக்காக, கல்நெஞ்சை மாற்றித் தரும்படி இறைவனிடம் மன்றாடும் தாய் அவள். 1930-இல் ஹிட்ச்காக் அதைப் படமாக்கியபோதும் அவரே ஜூனோ.

பிறகு ஹாலிவுட். 1941-இல் வெளிவந்த ‘ஹவ் கிரீன் வாஸ் மை வேலி’ படத்தின் தாய் வேடத்துக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அதன் பின் என்ன கொடுத்தார்கள்? பெரும்பாலும் வீட்டுக்காரம்மா, வேலைக்காரி என்று சின்னச் சின்ன வேடங்கள். 1950 செப்டம்பரில் கலிபோர்னியாவில் மறைந்தார். அதே ஆண்டு வெளிவந்த படத்திலும் வீட்டு வேலைக்காரியாக வருகிறார். எழுபதை ஒட்டிய வயது!

ஆடிய கால் சும்மா இராது, உண்மை. ஆசைக்கு ஆடுவது வேறு, அடுப்பெரிய ஆடுவது வேறு. ஆபி தியேட்டருக்கு 1925-இலேயே ஐரிஷ் அரசு 850 பவுண்டு மானியம் ஒதுக்கியது. அரங்கத்துக்கு மானியம் தர முடியுமானால், அதில் ஆடித் தேய்ந்த கால்களுக்கு மாத ஓய்வூதியம் ஏன் தர முடியாது? அதுவும் அலையவிட்டுத் தரும் உதவித்தொகையாக இல்லாமல், அறுபது வயதானதும் தானாக வீடு தேடி வர வேண்டும். நாற்பது ஆண்டு மேடையேறியவர், நடித்ததற்குச் சான்றிதழ் கேட்டு எந்த அலுவலக வாசலிலும் நிற்கக் கூடாது.

இந்தக் கோரிக்கை மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. தலைவர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தர வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். நகர்மன்றத் தலைவர் அம்மையார் அதை மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வைக்க வேண்டும். வணக்கம்.